காலுக்கு வந்த பந்து

எங்கள் தோட்டத்துக் கிரவுண்டைப் பார்க்கிறவர்கள் அதைக் கிரவுண்ட் என்று சொல்லமாட்டார்கள். ரப்பர் பெக்டரிக்கு மேலே மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஏதோ கட்டடம் கட்டுவதற்காக வெட்டினார்களாம், கட்டவில்லை, நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் மண்திட்டு. மற்றப் பக்கமும் ஒரு கோலுக்குப் பின்னாலும் நேரே ரப்பர் சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் மரத்துக்கு மரம் முட்டித் துள்ளி ஓடை வரைக்கும் இறங்கிவிடும். அதைத் தேடி எடுத்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு மேலே வருவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே பந்து.

அதனால் எங்கள் ஆட்டத்துக்கென்று தனிச் சட்டங்கள் இருந்தன. கோலுக்குப் பின்னால் பந்து போனால், யார் அடித்திருந்தாலும் சரி, கீப்பர்தான் இறங்கி எடுக்க வேண்டும். ஆகவே பந்தைத் தட்டிவிடுவது, குத்திவிடுவது என்ற பேச்சே கிடையாது. பிடிக்க வேண்டும், பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வந்தால் எங்கள் ஆட்களே பந்தை என் பக்கம் தட்டிவிடுவார்கள், நான் குனிந்து கையில் எடுத்துக்கொள்வேன். தன் ஆள் காலால் தருகிற பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்பது உலகத்துச் சட்டம். எங்களுக்கு உலகத்துச் சட்டத்தைவிட அட்டை பெரிது.

இப்படித்தான் என் கை பழகியது. கால் பழகவே இல்லை.

டவுன் ஃபுட்போல் கிளப்பில் என்னைச் சேர்த்துவிட்டவன் யட்டியாந்தோட்டை பஜாரில் டயர் கடை வைத்திருப்பவன். சிங்கள ஆள். என் வயது. கிளப்பில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற நடு பேக் அவன்தான். ஒருநாள் எங்கள் தோட்டத்து லொறிக்கு டயர் மாற்ற மேலே வந்தவன், வேலை முடிந்தும் போகாமல் மண்திட்டில் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே வந்து, டவுனுக்கு வருகிறாயா மச்சான் என்று கேட்டான். அவனுடைய தமிழ் கடைக்கு வரும் எங்கள் ஆட்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்தது. திட்டுகிற வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வரும்.

காலையில் எனக்குப் பால் வெட்டு. ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்து, பாலைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டால் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். பிறகு பஸ் பிடித்து டவுனுக்குப் போய் பிரக்டிஸ். பல வருஷம் அப்படிப் போனேன். கிளப்பில் நான் ஒருவன்தான் தோட்டத்து ஆள். கிரவுண்டில் பேச்செல்லாம் சிங்களம்தான், நானும் சிங்களத்தில்தான் கத்துவேன். உயரத்தில் வருகிற பந்துக்கு ‘மகே’ என்று ஒரு கத்து, என்னுடையது என்று அர்த்தம். டயர் கடைக்காரன் தலையைக் குனிந்து ஒதுங்கிவிடுவான். அவன் காலுக்கு வருகிற பந்தை அவன் கிரவுண்டை ஒட்டி ஓடுகிற ஆற்றுப் பக்கமாக ஓங்கி உதைத்துவிடுவான். எனக்குத் தட்டிக் கொடுக்கிற வழக்கமே அவனிடம் கிடையாது. நான் பிடித்த பந்தை வலது பக்கம் ஓடுகிறவனுக்குக் கையாலேயே வீசுவேன், அது பாதிக் கிரவுண்டுக்கு அப்பால் போய் விழும். எங்களுக்குத் தெரிந்த ஆட்டம் அதுதான். அதை வைத்து நிறைய ஜெயித்தோம்.

இதில் எனக்கு என்ன கிடைத்தது என்று என் மனைவியின் ஆட்கள் கேட்பார்கள். காசு கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் டவுனில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர். கடைக்குள் போனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவோம், கூப்பிட்டால்தான் முன்னால் போவோம். அப்படிப்பட்ட பஜாரில் மரக்கறிக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் என்னைக் ‘கீப்பர்’ என்று கூப்பிட்டார்கள். மனைவியைப் பிரசவத்துக்குக் கரவனெல்லை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் காவலுக்கு இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்ம கீப்பர் அல்லவா என்று தன் நாற்காலியைத் தூக்கி எனக்குப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மகள் பிறந்த சேதியைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ச் என்றால் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு கூட்டம் பஸ்ஸில் இறங்கி வந்து என் கோலுக்குப் பின்னால் நிற்கும். ஆண்கள், பெண்கள், கைப்பிள்ளைகள் எல்லாம். நான் பந்தைப் பாய்ந்து பிடித்தால், விட்டுத்தொலைங்க, இங்க அட்டை கடிக்காது என்று பின்னாலிருந்து கேலி பண்ணுவார்கள். டவுன் ஆட்களுக்கு அது விளங்காது. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

பழைய கோச்சுக்கு வயதாகிவிட்டது, ஒதுங்கிக்கொண்டார். புதியவர் கொழும்பில் விளையாடியவர். மனைவியின் ஊர் இந்தப் பக்கம் என்பதால் வந்து குடியேறியிருந்தார். என்னைவிடச் சின்னவர். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி ‘அய்யே’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார், ஒருநாள்கூட மரியாதை குறைந்ததில்லை. குறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் நாளே எங்களை வட்டமாக உட்காரவைத்து ஃபோனில் படம் காட்டினார். இனிமேல் பந்தை ஆற்றுப் பக்கம் உதைக்கிற வேலை கிடையாது, பந்து நம்மிடமே இருக்க வேண்டும் என்றார். பேக் இரண்டு பேரும் விரிந்து நிற்க வேண்டும், எதிராளி நெருங்கினால் பந்தைக் கீப்பரின் காலுக்குத் தட்ட வேண்டும், கீப்பர் அதை மற்றப் பக்கத்துக்குத் தட்ட வேண்டும். ஆட்டம் தொடங்குவதே கீப்பரின் காலில்தான் என்றார். எல்லோரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பால் நிறுத்துக் கொடுத்த கையோடு தோட்டத்துக் கிரவுண்டுக்குப் போய் மண்திட்டில் பந்தை உதைத்து உதைத்துப் பழகினேன். வலது காலால் ஓரளவு வந்தது. இடது காலில் பட்ட பந்தெல்லாம் சரிவில் இறங்கியது, நானே போய் எடுத்தேன். வயதான காலத்தில் இவனுக்கு என்ன வந்தது என்று பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். என் மனைவி ஒருநாள் அட்டை கடித்த இடங்களில் உப்பை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“பந்த புடிக்கத்தானே ஒங்கள கூப்புட்டாங்க? ஒதைக்கிறதுக்கு அங்க பத்து பேரு இருக்காங்கல்ல?”

இதைத்தான் கோச்சிடம் நானும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் எனக்காகப் பிரக்டிஸுக்கு முன்னாலேயே வந்து, தானே பந்தைத் தட்டிக் கொடுத்து, சரி அய்யே, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சலிக்காமல் நின்றார். அந்த மனிதரிடம் போய் என்னவென்று சண்டை பிடிப்பது?

கித்துல்கலை அணியோடு மெட்ச் வந்தது. அங்கே ஆற்றில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரப்பர் படகு ஓட்டுகிற பையன்கள்தான் அந்த அணியில் பாதி. களைப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்கள். எங்கள் பேக்குகள் பந்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஓடி ஓடி மேலே விழுந்தார்கள். முதல் பாதியில் எனக்கு வந்த பந்துகளை எப்படியோ தட்டிவிட்டேன், ஒன்றிரண்டு வெளியே போயிற்று. கோச் கையைத் தட்டி, நல்லது, நல்லது என்றார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் கோலுக்குப் பின்னால் வழக்கம்போல எங்கள் லயத்துக் கூட்டம்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். டயர் கடைக்காரனை இரண்டு பேர் நெருக்கினார்கள். பழைய நாளாக இருந்தால் பந்து ஆற்றுக்குப் போயிருக்கும். அவன் திரும்பி, கோச் சொன்னபடியே என் இடது காலுக்குத் தட்டினான். பந்து மெதுவாக வந்தது. அதற்குப் பின்னால் படகுக்காரப் பையன் ஒருவன் ஓடி வந்தான். எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நெருக்கடி, நம் ஆள் தருகிறான், பந்து உருண்டு வருகிறது. நான் குனிந்தேன், எடுத்தேன், நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

விசில் கேட்ட பிறகுதான் என் கையில் பந்து இருப்பதே எனக்குத் தெரிந்தது.

கோலுக்கு மிக அருகிலேயே ஃப்ரீ கிக். நாங்கள் எல்லோரும் கோட்டின் மேலே சுவர் மாதிரி நின்றோம். ஒருவன் தட்டினான், இன்னொருவன் அடித்தான், யாரோ ஒருவனின் தொடையில் பட்டு உள்ளே போயிற்று. ஆனால் என்னை உடைத்தது அந்தக் கோல் இல்லை. விசில் அடித்ததுமே பின்னாலிருந்து எங்கள் சனம் ரெஃபரியைத் திட்ட ஆரம்பித்துவிட்டது. கீப்பர் பந்தை எடுத்தால் என்ன தப்பு, கண் தெரியவில்லையா, தோட்டத்து ஆள் என்றால் இப்படித்தான் செய்வீர்களா என்று தமிழில் ஒரே கூச்சல். அவர்கள் பார்த்து வளர்ந்த ஆட்டத்தில் அது தப்பே இல்லை. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யாரோ சிங்களத்தில் விசாரிக்க, விளங்கியதும் கிரவுண்டைச் சுற்றி நின்ற டவுன் ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகக் கத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த பிரக்டிஸில் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு ஆற்றோரமாக நடந்தார். நிறையப் பேசினார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒன்றைச் சொன்னார்.

“அய்யே, ஒங்க கை மாதிரி ஒரு கைய நான் கொழும்புலயும் பாக்கல. ஆனா நான் போடுற ஆட்டத்துக்கு அந்தக் கை பத்தாது.”

சரி என்றேன். மெட்சுக்கு வாருங்கள், அணியோடு இருங்கள், புதியவனுக்கும் துணையாக இருக்கும் என்றார். ருவன்வெல்லப் பக்கத்திலிருந்து ஓர் இளம் கீப்பரைக் கொண்டுவந்திருந்தார். மெலிந்தவன், உயர்ந்தவன். உயரத்துப் பந்துக்கு அவன் நேரம் தவறித்தான் வெளியே வருவான். ஆனால் கால் இருக்கிறதே, பந்து அவனுடைய காலில் தூங்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் சனம் அடுத்த மெட்சுக்கும் வந்தது. கோலுக்குப் பின்னால் போய் நின்று, உள்ளே வேறு ஒருவன் நிற்பதைக் கண்டு, தேடி, பெஞ்சில் என்னைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பஜாரில் மரக்கறிக் கடைக்காரர் இன்னும் கீப்பர் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் அதைக் கேட்டதும் எனக்குக் கூசியது. நான் கீப்பர் இல்லையே.

இரண்டு மாதம் போல அப்படி ஓட்டினேன். ஒருநாள் ஜேர்சியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போய் கிளப் செயலாளரிடம் கொடுத்தேன். தடுப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால் என்ன, தடுக்கட்டும் என்றுதான் போனேன். செயலாளர் நல்ல மனிதர், பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், உன்னை மறக்கமாட்டோம் என்றார். ஜேர்சியை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

டயர் கடைக்காரனுக்குச் சேதி தெரிந்து மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வந்துவிட்டான். என்னைவிட அவனுக்குத்தான் கோபம். கோச்சை அவன் அறிந்த தமிழில் நல்லாக் கவனித்தான், என் மனைவி உள்ளேயிருந்து மகளின் காதைப் பொத்த வேண்டியிருந்தது. போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“இந்தாளு எத்தன நாளைக்கு மச்சான்? கொழும்புல இருந்து வந்தவன் கொழும்புக்குப் போவான். அப்ப நீதான் கீப்பர்.”

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் இருந்தேன். பால் வெட்டும்போது கோச்சைத் திட்டுவேன். மரத்துக்கு ஒரு திட்டு. மழை பெய்து வேலை இல்லாத நாளில் வீட்டில் இருந்து திட்டுவேன். உங்களுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று மனைவி கேட்பாள். கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை, நானும் விலகவில்லை. எந்த மெட்ச், எத்தனை கோல் என்று எல்லாம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உடம்பை விடவில்லை. தோட்டத்துக் கிரவுண்டில் பையன்களை வரிசையாக அடிக்கச் சொல்லி, பாய்ந்து பாய்ந்து பிடித்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடும்போது கை தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கூப்பிட்டார்கள். கோச்சைக் கொழும்பில் ஒரு பெரிய கிளப் எடுத்துக்கொண்டது. அவர் போகும்போது அந்த இளம் கீப்பரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டயர் கடைக்காரன் மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தான், வாசலிலிருந்தே ஹோர்னை அடித்துக்கொண்டு வந்தான். சொன்னேன்தானே மச்சான், சொன்னேன்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி தேத்தண்ணியோடு முறுக்கும் வைத்தாள். என் மகள் அவனுடைய ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு லயம் முழுக்க ஓடி, அப்பா திரும்பியும் கீப்பர் என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுத வராது.

செவ்வாய்க்கிழமை பிரக்டிஸுக்குப் போனேன். எல்லோரும் வந்து கட்டிப் பிடித்தார்கள். அணியை இரண்டாகப் பிரித்து விளையாடினோம். முதலில் ஒரு கோனர் கிக் வந்தது, உயரமாக. நான் மகே என்று கத்திக்கொண்டு எழும்பி இரண்டு கையாலும் பறித்துக்கொண்டு இறங்கினேன். கைதட்டினார்கள். பிடித்த வேகத்தில் வலது பக்கம் திரும்பி வீசக் கையை ஓங்கினேன். அங்கே யாரும் ஓடவில்லை. வலது பக்கத்து ஆள் நடுவிலே நின்றான். பேக் இரண்டு பேரும் என் பக்கத்திலேயே விரிந்து நின்று, பந்தைக் காலுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓங்கிய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கீழே வைத்து ஒருவனுக்குத் தட்டினேன். அவன் அதை டயர் கடைக்காரனுக்குத் தட்டினான். டயர் கடைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் எனக்குத் தட்டினான்.

அப்படியே போயிற்று. பந்து என் காலுக்கு வந்துகொண்டே இருந்தது. கோச் இல்லை, விசில் இல்லை, யாரும் அப்படி ஆடச் சொல்லவில்லை. அவர்களுக்கு அதுதான் இப்போது ஆட்டம். நான் ஒன்றை வெளியே அடித்தேன், ஒன்றை எதிராளிக்குக் கொடுத்தேன், ஒன்று காலுக்கடியில் புகுந்து கோலுக்குள்ளேயே போயிற்று. யாரும் திட்டவில்லை. பழைய நாளில் இப்படி நடந்தால் அம்மா அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பான் டயர் கடைக்காரன். அன்றைக்கு அவன், பரவாயில்லை மச்சான், பரவாயில்லை என்றான். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னான். அந்தப் பரவாயில்லைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

முடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தான். இறங்கி அவனுக்கு முன்னால் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், நான் வேணும்னு பின்னால போடல. காலு தானா போடுது. எங்களுக்கு இப்ப வேற மாதிரி வெளையாட வராது.”

தெரியும் என்றேன்.

“கமிட்டிக்கு நானே சொல்றேன், வேற ஒருத்தன பாக்க சொல்லி. கோவம்னா என்கூட கோவிச்சுக்க.”

அவனோடு எப்படிக் கோபித்துக்கொள்வது? என்னை அந்தக் கோலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியவன் அவன். எனக்காகக் கோச்சை அம்மா அப்பாவை இழுத்துத் திட்டியவன் அவன். இப்போது யாரும் சொல்லாமல் அவனாகவே சொல்லிவிட்டான், சொன்னதும் நியாயம். சரி மச்சான், போய் வா என்று அவன் முதுகில் தட்டி அனுப்பினேன். அவன் வளைவு தாண்டும்வரைக்கும் நின்றுவிட்டு மேலே நடந்தேன்.

ஏறுகிற பாதையில் பழக்கத்தில் கோச்சைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. அந்த மனிதர் எங்கேயோ கொழும்பில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் என்னைத் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. யாருமே தடுக்கவில்லை. திட்ட ஆளில்லாமல் அழுகைதான் வந்தது, நல்ல சத்தமாக வந்தது. லயத்துக்கு முன்னால் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மகள் தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்தேன். அப்பா கீப்பராக நின்ற கதையைக் கேட்க அவள் வாசலில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.